தறிக்குழியில் தெள்ளுப்பூச்சி

ஈரப் பஞ்சின் மேல் மிளகுத்தூள் போல விழுந்த சில கறுப்புத் துகள்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து செம்பழுப்பாகப் பரவின. என் கணவரின் அக்கா அந்தப் பஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "மண்ணு இல்லம்மா. ரத்தம்," என்றார். அந்தத் துகள்கள் அவருடைய பூனையின் முதுகிலிருந்து பேன் சீப்பால் வாரி எடுக்கப்பட்டவை. என் மகளின் காலில் பல நாளாக நாங்கள் காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புத் தடிப்புகளுக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தவர் அவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி நான் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது அவர் அரக்கோணம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். பண்டிகைக்கு வருவார், தம்பியின் தறியை ஒரு சுற்றுப் பார்ப்பார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்கும் அவருக்கும் அதற்கு மேல் பழக்கம் இல்லை. ஒரு பங்குனி மத்தியானம், ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு துணிப்பையோடும் மேலே துண்டு கட்டிய ஒயர் கூடையோடும் இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றார். துண்டுக்கு அடியில் ஏதோ அசைந்தது. உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "பூனை ஒண்ணு இருக்குதுமா. பரவாயில்லையா?" என்பதுதான். எதற்கு வந்தார், எத்தனை நாள் இருப்பார் என்பதையெல்லாம் நானும் கேட்கவில்லை. முதலில் உள்ளே வந்து தண்ணீர் குடியுங்கள் என்றேன்.

அவர் அந்த வீட்டைவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டார் என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. அடித்தார்கள், வைதார்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லை என்றான பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். முதலில் மாமியார், பிறகு கணவர், பிறகு வருகிற போகிற உறவுக்காரர்கள். சோறு இருக்கும், சோப்பு இருக்கும், ஒரு வார்த்தை இருக்காது. "கதவத் தொறந்துக்கினு நான் உள்ள போனா, காத்து அடிச்சுக் கதவு தொறந்த மாதிரி பாப்பாங்க," என்று அவர் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. வாசலுக்கு வந்து காலைச் சுற்றி நின்றது இந்தப் பூனை ஒன்றுதான். சாம்பல் நிறம், நான்கு பாதமும் வெள்ளை. அதற்கு அவர் பேர் எதுவும் வைத்திருக்கவில்லை. "இந்தாம்மா" என்று கூப்பிடுவார். அது எங்கிருந்தாலும் ஓடிவரும். அதனால் எங்கள் வீட்டிலும் அதன் பேர் இந்தாம்மா என்றே ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர், அதற்கென்று படித்தவர் என்பதை என் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் தானாக அதைச் சொல்லவே இல்லை.

எங்கள் வீடு சின்னது. முன்னறை முழுக்கத் தறி, பின்னால் சமையலறை, நடுவில் ஒரு படுக்கையறை. தறி குழித்தறி. தரையில் ஒரு குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு விளிம்பில் உட்கார்ந்து நெய்வார் என் கணவர். மிதிபலகைகள் குழிக்குள்தான் இருக்கும். வெயில் காலத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அந்தக் குழிதான். அதை இந்தாம்மா வந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்துக்கொண்டது. அவர் எழுந்து சாப்பிடப் போனால் அது இறங்கிவிடும். திரும்பி வந்தால் மிதிபலகைக்குப் பின்னால் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். பட்டில் நகம் வைக்கவே இல்லை. "பட்டுன்னா என்னான்னு தெரிஞ்ச பூனை இது, அக்கா," என்று அவர் அக்காவிடம் பெருமையாகச் சொன்னார். அண்ணி சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் என் மகளின் கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னத் தடிப்புகள் வந்தன. அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கொசு என்று நினைத்தோம். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டோம். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "அம்மை மாதிரி இருக்குதே" என்று வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். நான் மழலையர் வகுப்பு டீச்சர். அம்மை என்ற சொல் காதில் விழுந்ததுமே என் வகுப்பிலிருக்கும் குழந்தைகளின் முகங்கள்தான் வரிசையாகக் கண்முன் வந்தன. என் கணவரும் நெய்வதை நிறுத்தி நிறுத்தி முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொண்டிருந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி மட்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடிப்புகள் எல்லாம் முழங்காலுக்குக் கீழேயே இருந்தன, இரண்டு மூன்றாகச் சேர்ந்து சேர்ந்து. உடனே எழுந்து போய்ப் பேன் சீப்பை எடுத்துவந்தார். பூனையின் முதுகில் மயிரை எதிர்ப்புறமாக வாரினார். பஞ்சை நனைத்து அதன்மேல் சீப்பைத் தட்டினார். அப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

"தெள்ளுப்பூச்சி. பூனை ரத்தத்தக் குடிச்சுட்டு அது போடற கழிவு இது. அதான் தண்ணி பட்டா செவக்குது," என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "என் பூனையாலதான்பா," என்றார்.

என் கணவர் பதில் சொல்லவில்லை. கல்யாணச் சேலை ஒன்று தறியில் இருந்தது, தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தறியில் கட்டிய பாவு நூலை விட்டுவிட்டு நகர முடியாது. பூச்சி மருந்து வாங்கி அடிக்கலாம் என்றால் பட்டில் பட்டு நிறமோ சரிகையோ கெட்டுவிட்டால் என்ன செய்வது, மூன்று வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் அடிக்கலாமா என்றெல்லாம் அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யோசிக்கும்போது அவர் பேச மாட்டார், அவர் சுபாவம் அது. எனக்குத் தெரியும். ஆனால் பேச்சில்லாத வீட்டிலிருந்து வந்த அண்ணிக்கு அந்த மௌனம் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. அன்று அவர் பூனையோடு வாசல் சிமெண்டுத் தரையில்தான் படுத்தார். காலையில் பார்த்தால் அவருடைய துணிப்பை மடித்துக் கட்டித் தயாராகச் சுவரோரம் இருந்தது.

அந்தப் பையை என் கணவரும் பார்த்தார். பார்த்தவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஒரு கடையில் தெள்ளுக்கு மருந்து என்று கேட்டுச் சின்ன டப்பா ஒன்றை வாங்கிவந்தார். அக்கா கேட்பதற்கு முன்னால் தானே பூனையைப் பிடித்து அதன் முதுகில் ஊற்றித் தேய்த்தார். "இனிமே ஒண்ணும் இல்லக்கா, செத்துடும் எல்லாம். பைய அவுத்து வை," என்றார். அண்ணியின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். நிம்மதியாகத்தான் சமைத்தோம். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது இந்தாம்மா வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி நடுங்கியது. வாயில் நுரை. அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு, "இந்தாம்மா, இந்தாம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது கண்ணைத் திறந்து பார்த்தது. அவரைத் தெரிந்துகொண்ட மாதிரி இல்லை.

அடுப்பில் சோறு அப்படியே இருந்தது. என் கணவர் மொபெட்டை எடுத்தார், பின்னால் அண்ணி ஒரு பழைய சேலையில் பூனையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு நான் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன். மாட்டாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்கிற கால்நடை மருத்துவமனையில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தார். பூனையைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். "இன்னா மருந்து போட்டீங்க?"

என் கணவர் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நாய்க்குப் போடறதுங்க. பூனைக்கு இது விஷம். பூனை ஒடம்பு இத ஏத்துக்காது," என்றார். திட்டவில்லை. ஊசி போட்டார். பாத்திரம் தேய்க்கிற சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, முதுகிலிருந்த மருந்தைக் கழுவி எடுக்கச் சொன்னார். அண்ணிதான் கழுவினார். அவசரப்படாமல் மயிரை விலக்கி விலக்கித் தேய்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. "அக்காவுக்கு இருந்தது இது ஒண்ணு. அதையும் நான் கொன்னுட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரத்தில் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பூனை தலையைத் தூக்கி அண்ணியின் விரலை முகர்ந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விவரமாகப் பேசினார். உடம்பு தேறியதும் பூனைக்கென்றே உள்ள மருந்தை எடை பார்த்துத் தருவதாகவும், அதை நக்க முடியாத இடத்தில், பிடரியில் மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும் என்றும், மாதம் ஒருமுறை தவறாமல் விட வேண்டும் என்றும் சொன்னார்.

"ஆனா பூனை மேல இருக்கறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உங்க வீட்டுல இருக்குது. முட்டை உதிர்ந்து தரையில விழும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து தூசியில போய் ஒளிஞ்சுக்கும். அப்புறம் கூடு கட்டிக்கும்."

"கூடா? பட்டுப்பூச்சி மாதிரியா?" என்றார் என் கணவர்.

"அதே மாதிரிதான். உங்களுக்கு ஒரு இழைகூட உபயோகம் இல்ல, அவ்ளோதான்," என்று சிரித்தார் டாக்டரம்மா. "கூட்டுக்குள்ள இருக்கறத எந்த மருந்தும் ஒண்ணும் பண்ணாது. அது காத்துக்கினு இருக்கும். பக்கத்துல யாரோ வர்ற அதிர்வு தெரிஞ்சா, ஒடம்பு சூடு தெரிஞ்சா, ஒடச்சிக்கினு வெளிய குதிக்கும். பூனை எங்க படுக்குது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குழியில் மண் தரை. பல வருடத்துப் பட்டுத் தும்பும் தூசியும் மூலையில் அடைந்து கிடக்கும். வெளிச்சம் எட்டாது. அங்கேதான் இந்தாம்மா படுக்கிறது. அங்கேதான் நாள் முழுக்க மிதிபலகை அதிர்கிறது.

"அப்ப நான் மிதிக்க மிதிக்க, நானே அதுங்கள எழுப்பிவிட்டுக்கினு இருந்தேனா?" என்றார் அவர். சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தார். பூனை பிழைத்த சந்தோஷத்தில் நாங்கள் அன்று எதற்கும் சிரித்திருப்போம்.

மறுநாள் என் கணவர் நெய்யவில்லை. பாவின் மேல் சுத்தமான வேட்டியைப் போர்த்திக் கட்டிவிட்டு, மிதிபலகைகளைக் கழற்றி வெயிலில் போட்டார். குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, கொத்துக்கரண்டியால் மூலைகளைச் சுரண்டிச் சுரண்டித் தும்பையும் மண்ணையும் முறத்தில் வாரிக் கொடுத்தார். நாங்கள் வாங்கி வாங்கிச் சாக்கில் போட்டு இறுகக் கட்டி வெளியே கொண்டுபோனோம். எங்கள் காலில் தெள்ளுகள் ஏறின. அண்ணி வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, அவற்றைத் தட்டித் தட்டி உள்ளே தள்ளினார். பாய், தலையணை உறை, போர்வை, குழந்தையின் பழைய துணி பொம்மைகள் எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி மொட்டைமாடியில் காயப்போட்டோம். எங்கள் தெருவில் பலரும் எட்டிப் பார்த்து, வீட்டில் விசேஷமா என்று கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் குழியின் அடியிலும் பக்கங்களிலும் சிமெண்டு பூசினோம். விரிசல் இல்லாமல் வழவழவென்று இருந்தது. இனி அங்கே தூசி தங்க இடமில்லை.

பெருக்குவதை அண்ணி தன் வேலையாக எடுத்துக்கொண்டார். காலையும் சாயங்காலமும் சுவரோரம், கட்டிலடி, பீரோவுக்குப் பின்பக்கம் என்று ஒன்று விடமாட்டார். இருட்டத் தொடங்கும்போது தறியறையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேல் சின்ன விளக்கு ஒன்றைத் தாழ வைப்பார். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வந்து குதிக்கிற தெள்ளுகள் தண்ணீரில் விழுந்து முழுகிவிடும். காலையில் அந்தத் தட்டைப் பார்ப்பதற்கு என் மகள் முதல் ஆளாக எழுந்து ஓடுவாள். பேன் சீப்பால் பூனையை வாருகிற நேரங்களில்தான் அண்ணி என்னிடம் பேசத் தொடங்கினார். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நாள்களைப் பற்றி, ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த ஒரு போலீஸ்காரரைப் பற்றி, மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாக ரத்த அணுவைப் பார்த்தபோது "இவ்ளோ அழகா இது" என்று அவருக்குத் தோன்றியதைப் பற்றி. அவ்வளவு பேச்சு அவருக்குள் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்பத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், குழந்தையின் காலில் மறுபடியும் தடிப்பு வந்தது. அன்று நான் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது அண்ணி பூனையைக் கூடையில் வைத்துத் துண்டு கட்டிக்கொண்டிருந்தார். துணிப்பை பக்கத்தில் இருந்தது.

"எங்க அண்ணி?"

"எங்கியாவது லேடீஸ் ஹாஸ்டல் பாக்கறேன்மா. பூனைய யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கறேன். கொழந்த காலப் பாரு. எத்தன நாளைக்கு நீங்க பொறுத்துக்குவீங்க?"

என் கணவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். அன்றைக்கு அவர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. "அக்கா, டாக்டரம்மா சொன்னத நீ மறந்துட்டியா? கூட்டுல இருந்தது வெளிய வருது. வரட்டும். வெளிய வந்தாத்தான் சாவும். நீ போயிட்டா தட்டு யாரு வெப்பாங்க?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பிறகு குனிந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தார். இந்தாம்மா வெளியே குதித்து, சோம்பல் முறித்து, நேராகத் தறியறைக்குப் போனது.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்த வீட்டுல யாரும் ஏதும் சொல்ல மாட்டாங்க. நானே புரிஞ்சிக்கினு ஒதுங்கிப் போவணும். அதே பழக்கமாயிடுச்சும்மா," என்றார். "இங்க ஏதாவது இருந்தா நாங்க வாயத் தொறந்து சொல்லிடுவோம் அண்ணி. சொல்லலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்," என்றேன். அவர் அதை நம்ப முயற்சி செய்கிறவரைப் போல என் முகத்தையே பார்த்தார். அதன் பிறகு அந்தப் பை பரணுக்குப் போய்விட்டது.

தட்டில் விழும் தெள்ளுகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஒருநாள் காலை என் மகள் ஓடிவந்து, "அத்த, தட்டுல ஒண்ணுமே இல்ல!" என்று அழுகிற குரலில் சொன்னாள். அவளுக்கு அது ஏமாற்றம். அண்ணி அவளைத் தூக்கிச் சுற்றினார். அவசரப்படாமல் பிறகும் சில மாதம் பூனைக்குப் பிடரியில் மருந்து விட்டுக்கொண்டே வந்தார். ஈரப் பஞ்சில் சீப்பைத் தட்டிப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கல்யாணச் சேலையும் குறித்த நாளுக்குள் முடிந்து போய்ச் சேர்ந்தது.

ஆடி முடிந்த பிறகு ஒருநாள் அண்ணி தன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கேட்டிருக்கிறார். இத்தனை வருட இடைவெளி ஏன் என்று கேட்டார்களாம். "வீட்டுல இருந்தேன். இப்ப வேலைக்கு வரணும்னு இருக்குது. புது மெஷினெல்லாம் கத்துக்கறேன்," என்று சொன்னாராம். முதலில் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். இப்போது காலை நேரம் முழுக்க அவர் பொறுப்பில் இருக்கிறது. ரத்தம் கொடுக்கப் பயப்படுகிற குழந்தைகளை அவரிடம்தான் அனுப்புகிறார்களாம். பேசிக்கொண்டே எடுத்துவிடுவாராம். அதைக் கேட்டபோது நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

போன தை மாதம் அவர் ஓரிக்கையில் ஒரு வீடு வாடகைக்குப் பார்த்தார். எங்களோடு இருக்கப் பிடிக்காமல் இல்லை. தனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்றார், எங்களுக்கும் அது புரிந்தது. போய்க் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் அவர் சொன்ன முதல் வார்த்தையே பூனை இருக்கிறது என்பதுதான். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓரிக்கை வீட்டுக்கார அம்மா மட்டும் பார்க்கலாம் என்றார்.

பால் காய்ச்சுகிற அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். வழக்கப்படி முதலில் உள்ளே அனுப்ப மாடு கூட்டிவர வசதியில்லை. அண்ணி கதவைத் திறந்ததும் இந்தாம்மா எங்களையெல்லாம் முந்திக்கொண்டு உள்ளே போய், கூடத்தின் நடுவில் உட்கார்ந்து பாதத்தை நக்கத் தொடங்கியது. "மகாலட்சுமி வந்தாச்சு," என்றார் என் கணவர். வீட்டுக்கார அம்மா வாசலிலிருந்தே அதைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார்.

"ஏம்மா, பூனைன்னா தெள்ளு வருமே?"

எங்கள் வீட்டு வாசலில் துண்டு கட்டிய கூடையோடு நின்றவரா இவர் என்று எனக்குத் தோன்றும்படி, அண்ணி நிமிர்ந்து அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தார்.

"வரலாங்க. வந்தா மொதல்ல நானே உங்ககிட்ட சொல்லுவேன். அப்புறம் அத எப்படிப் போக்கணும்னும் எனக்குத் தெரியுங்க."

அந்த அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். என் மகள் அதற்குள் பூனையை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். சமையலறையில் பால் பொங்கத் தொடங்கியது. "பொங்கிடுச்சு, எல்லாரும் வாங்க!" என்று அண்ணி கூப்பிட்ட குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.